பன்றி தெரியாத பன்றிப் படம்

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டை மாதா கோயில் மண்டபத்தில் அந்தப் பழைய பன்றிப் படத்தை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பார்க்காமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் எழுபத்திரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு மானக்கேடு குறைந்திருக்கும்.

ஒரு தீவில் காட்டுப்பன்றிகள் மனிதர்களைத் தாக்குகின்றன. கதை அவ்வளவுதான். பெரிய பெயர் எடுத்த பயங்கரப் படம். அதன் நிறைகுறைகளை எழுதி அனுப்பும்படி கொழும்புப் பத்திரிகை ஆசிரியர் பொன்னுத்துரை கேட்டிருந்தார். எழுத்து பிடித்தால் வாராவாரம் சினிமாப் பக்கம் எனக்கு. கண்டி மாநகரசபையில் பகல் முழுக்க நாய் லைசன்ஸ் எழுதும் கிளாக்கருக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை.

குறைகளை எழுதுவது சுலபமாக இருந்தது. கதாநாயகனான டொக்டர் ஆபத்து நேரத்தில் நின்று பிரசங்கம் செய்கிறான். பன்றிகளும் மரியாதையாக அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கின்றன. நிறையில்தான் நான் உருகிப்போனேன். மூன்று தாக்குதல்களிலும் இயக்குநர் ஒரு பன்றியைக்கூடக் காட்டவில்லை. திரை இருண்டுவிடுகிறது. உறுமல், கதவு உடையும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல். முன்வரிசைக் கதிரையில் இருந்த எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. 'இருட்டையே நடிக்கவைத்த மேதை' என்று எழுதினேன். அந்த வரியை என் மனைவி சுந்தரிக்கு நாலு தரம் வாசித்துக் காட்டினேன்.

கட்டுரை அச்சில் வந்தது. கண்டியில் எங்கள் திரைப்பட வட்டம் அதே படத்தைப் போடுகிறது என்று கேள்விப்பட்டு பொன்னுத்துரையே நேரில் வந்துவிட்டார். படம் முடிந்ததும் சினிமாப் பக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். புரொஜெக்டரும் அதை ஓட்டும் கபிரியேல் அண்ணனும் அதே கட்டுகஸ்தோட்டை மண்டபத்திலிருந்துதான் வந்தார்கள். நான் இருட்டைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள். படம் ஓடியது.

முதல் தாக்குதல் வந்தது. திரை இருளவில்லை. பளிச்சென்ற வெளிச்சத்தில் ரப்பர் பன்றி ஒன்று உருண்டு வந்தது. உருண்டுதான் வந்தது, வயிற்றுக்கு அடியில் சக்கரம் தெரிந்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"இருட்டு எண்டு எழுதினீர், எங்கை ஐசே இருட்டு?" என்று பொன்னுத்துரை என் காதில் கேட்டார். "நீர் படத்தைப் பாத்தனீரோ?"

எழுந்து பின்னால் ஓடினேன். கபிரியேல் அண்ணன் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு இந்தப் பன்னி எங்கண்ணே போச்சு?"

"அன்னைக்குச் சின்னப்புள்ளைங்க இருந்துச்சே தம்பி. முத்தம் குடுத்தா லென்ஸ கையால மறைக்கணும்னு கோயில் ஃபாதர் சாமி சொல்லிருக்காரு. பயங்கரம் வந்தா நானாவே மறைச்சுருவேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே!"

"முன்னால போய்க் குந்திக்கிட்டா எப்பிடித் தெரியும்? இங்க எல்லாம் படிச்ச பெரியவங்க. அதான் மறைக்கல."

எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஊரறியப் புகழ்ந்த மேதை இங்கே உட்கார்ந்து வெற்றிலை மெல்கிறார். திரையில் டொக்டர் இரண்டாவது பிரசங்கத்தை முடிக்கப்போகிறான். இனிப் பன்றி வரும், சக்கரம் வரும், என் சினிமாப் பக்கம் போயே போய்விடும்.

கையை நீட்டி லென்ஸை மூடினேன்.

திரை இருண்டது. உறுமல் கேட்டது. கதவு உடைந்தது. அந்தப் பெண் அலறினாள். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் மூச்சுவிடவில்லை. முன்வரிசையிலிருந்து "ஐயோ அம்மா!" என்று ஒரு குரல். பொன்னுத்துரையின் குரல்தான்.

நான் கையை எடுக்கவில்லை. கபிரியேல் அண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"விரல நெருக்கி வைங்க தம்பி. சந்துல பன்னி தெரியுது."