கால் மேல் விழுந்த பழி

"அமுக்கு... அப்படியே புடி... ம், விடு."

சனிக்கிழமை காலையிலிருந்து நெவில் வாயில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பழைய ஹேட்ச்பேக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அவன் படுத்துக் கிடந்தான். உள்ளே அவன் மனைவி ரேவின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் மிதிக்கும்போது அவன் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில் உள்ள சின்னத் திருகை இளக்குவான். பிரேக் ஆயிலோடு சேர்ந்து குழாயில் சிக்கிய காற்றும் வெளியே வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் பிரேக் கல்மாதிரி நிற்கும். மூன்றாவது ஆயில் டின்னும் தீரப் போகிறது, பிரேக் இன்னும் பஞ்சுத் தலையணையாகவே இருந்தது.

"உன் கால்தான் ரேவின். ஒரு சீரா மிதிக்க மாட்டேங்கற."

மறுபடியும் கால்! ரேவினுக்குச் சுருக்கென்றது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். டனீடின் நகரத்தில் அந்த வேலை என்றால் நாள் முழுக்க மேடு ஏறி மேடு இறங்குவதுதான். போன மாதம் கேல்டர் தெருச் சரிவில் இறங்கும்போது பிரேக் தரைவரை போய்விட்டது. கை பிரேக்கை இழுத்து, யாரோ ஒருவர் வீட்டு ஹைட்ரேஞ்சா பூச்செடி வேலிக்குள் காரை விட்டுத் தலை தப்பினாள். நெவில் வந்து கேட்ட முதல் கேள்வி, "கியரைக் குறைக்காம பிரேக்கிலயே கால வச்சிட்டு வந்தியா?" என்பதுதான்.

அதையே அவள் தங்கை கேட்டாள், அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கே தன் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. திங்கட்கிழமை அவளே காரை எடுத்தாக வேண்டும். முடியாதென்றால் மேசை வேலைதான். தன் நோயாளிகளை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்வதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நெவிலும் சும்மா இருக்கவில்லை. இதே காரில் வேகமான ரகத்துக்கு வைத்த பெரிய பிரேக் டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் பழைய கார் உடைக்கும் இடத்தில் தேடிப் பிடித்து வந்தான். பத்து நாளைக்கு முன் பழைய ஆயிலை ஒரு ஜாடியில் வடித்தான். ஆறிப்போன கடுந்தேநீர் நிறத்தில் இருந்த அந்த ஜாடியைப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்ததை அவள் பார்த்தாள், கேட்கவில்லை.

இப்போது கால் கடுக்கக் காரைவிட்டு இறங்கியவள், இவ்வளவு நேரம் அப்படி என்னதான் செய்கிறான் என்று குனிந்து பார்த்தாள்.

"இந்தத் திருகு ஏன் அடியில இருக்கு?"

"எங்க இருந்தா என்ன? ஆயில் வருதில்ல?"

"ஆயில் வரும். காத்து எப்படி வரும்? முப்பது வருஷமா ஊசி போடறேன். மேல பாக்கப் புடிச்சுத் தட்டினாத்தான் காத்து போகும். கவுத்துப் புடிச்சா மருந்துதான் ஒழுகும், காத்து ஜம்முனு மேலயே குந்திக்கிட்டிருக்கும்."

நெவில் ஊர்ந்து மறுபக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் திருகு அடியில்தான்.

"இடதுபக்கத்து காலிப்பர வலதுல மாட்டிட்டேன்," என்றான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. "வலதுபக்கத்த இடதுல. அதான் திருகு அடிக்கு வந்துருச்சு."

ரேவின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காலையிலேருந்து என் கால்தான் கோணல்னியே, துரை!"

கழற்றி மாற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் சீஸ் ரோல் சுட்டுத் தின்றார்கள். பிறகு மறுபடியும் அமுக்கு, புடி, விடு. இந்தத் தடவை குமிழி குமிழியாகக் காற்று கொப்பளித்து வந்தது. ஆறாவது மிதிக்குக் கால் பாதியிலேயே நின்றது. இன்னும் பலமாக மிதித்தாள்; அசையவில்லை.

"நிக்குது நெவில்!" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

சமதரையில் நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்தபின் அவளே கேல்டர் தெருவுக்குத் திருப்பினாள்.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். பயமா இருந்தா இறங்கிக்க."

அவன் இறங்கவில்லை. பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தாள். கார் நறுக்கென்று நின்றது. மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினாள். சிதைந்த வேலிக்கு எதிரே மூன்றாம் தடவையும் நின்றது. ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நெவில் பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி அந்த ஜாடியை எடுத்து அவள்முன் வைத்தான்.

"ஏழு வருஷமா இத மாத்தல. பழைய ஆயில்ல தண்ணி சேந்துரும், சூடேறினா கொதிச்சு ஆவியாயிரும், பிரேக் புடிக்காது. அன்னைக்கு பிரேக் போனது இதாலதான். உன் கால் இல்ல."

"எப்ப தெரியும் உனக்கு?"

"வடிச்ச அன்னைக்கே."

"பத்து நாளா வாயத் தெறக்கலியா நீ?" கோபம் வந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. "ஃபோன எடு. என் தங்கச்சிகிட்ட சொல்லு. அப்புறம் ஆபீஸ்ல யார் யார் கேட்டாங்களோ, ஒவ்வொருத்தர் பேராச் சொல்றேன், அவங்களுக்கும் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே எண்ணைத் தட்டினான். ரேவின் சோபாவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வலது கால் தரையில் சும்மா கிடந்தது.