சாயங்காலத்துக் கண்

முடிதிருத்துபவனுக்குக் காலையில் ஒரு கத்தரிக்கோல்தான் தெரியும். பொழுது சாயச் சாய அது இரண்டாகிவிடும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சமாளித்தான். "என்னப்பா, கண்ணடிக்கிற?" என்று சிரித்தார் ஒரு வாடிக்கையாளர். மறுநாள் இன்னொருவர் காதில் ரத்தம் வந்தது, யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி குடிக்கிறான் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. குடியை விட்டவன் நேராக நடந்தாலே சந்தேகப்படுவார்கள், இவன் படி தடுக்கி விழுந்தால் விடுவார்களா? மனைவி தினமும் வாயை மோந்து பார்த்தாள். வாடை இல்லை. "கழுதை கெட்டா குட்டிச்சுவரு. ஏலக்காய் மென்னுட்டு வந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்தில் அவள் பட்டபாடு கொஞ்சமா?

"காலைல நல்லாத்தான் இருப்பீங்க, சாயங்காலமே போவோம்" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கையில் துணிமணி அடைத்த பை. குடிதான் என்று தெரிந்தால் அங்கிருந்தே அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

கண் டாக்டரம்மா அவன் கண்களை மாற்றி மாற்றிப் பொத்தினார்.

"எந்தக் கண்ணை மூடினாலும் ஒண்ணாத்தான் தெரியுதா?"

"ஆமாம்மா."

"அப்போ ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பாக்கறதுலதான் கோளாறு. இமைக்காம மேல பாருங்க."

பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இடது இமை தானாகச் சரிந்தது. டாக்டரம்மா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்து, இரண்டு நிமிஷம் கழித்து எடுத்தார். இமை திறந்துகொண்டது.

"நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரலன்னு நினைக்கிறேன். ரத்தம் பார்த்து உறுதி பண்ணிக்கலாம். உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துடும், அதான் சாயங்காலம் ரெண்டாத் தெரியுது. மாத்திரை இருக்கு. ஆனா ரொம்ப நாள் சாப்பிடணும்."

"அப்போ இது குடி இல்லையேம்மா?"

"இல்ல."

"அதை அவகிட்ட சொல்லுங்கம்மா." கையெடுத்துக் கும்பிட்டான். நோய் வந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, சாயங்காலமாக் கூட்டிட்டு வந்தீங்க. காலைல வந்திருந்தா எனக்கு ஒண்ணும் பிடிபட்டிருக்காது."

அவள் தலை நிமிரவில்லை. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்பது அவளுக்கல்லவா தெரியும்!

வாசலில் அவன் தயங்கி நின்றான். "எந்த பஸ்?"

பையை அவன் கையில் திணித்தாள். வழக்கம்போல முகத்தருகே வந்தாள். அவன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். அவள் அதை உள்ளங்கையால் மூடிவிட்டு, மறுபடி சரியத் தொடங்கியிருந்த இமையைப் பார்த்தாள்.

"படி இருக்கு. என்னைப் பிடிச்சுக்குங்க" என்றாள்.