குழி மூடியில் புதுச் சுண்ணாம்பு

குழியின் மூடியைப் பார்த்ததுமே எர்சீலியாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆகஸ்டில் பூசிய சுண்ணாம்பு இதற்குள் பழுப்பேறியிருக்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. யாரோ உடைத்துத் திறந்து மறுபடி பூசியிருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் வரும் புனித கத்தரீனாள் திருநாள்வரை குழியைத் திறக்கக் கூடாது. மலையூர்க்காரர்களின் ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் துணிப்பைகளில் கட்டி, பாறைக்குள் வைக்கோல் நடுவே புழுங்கி மணமேறிக்கொண்டிருக்கும். எர்சீலியாவின் சாப்பாட்டுக்கடை குளிர்காலம் முழுக்க அங்கிருக்கும் அவள் பையை நம்பித்தான் ஓடும். சீஸ் பழுத்ததா கெட்டதா என்று மோந்தே சொல்லும் குழிக்காரர் ஒரெஸ்தே. மூடியின் சாவி அவரிடம் மட்டுமே.

"குழியத் திறந்தீங்களாண்ணே?"

"நான் ஏன் திறக்கப்போறேன்? எலி சுரண்டியிருக்கும்."

"எலி சுண்ணாம்பும் பூசுமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் வண்டி ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் பின்னால் என்ன மூட்டை என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவர் மனைவி ஜெல்சொமீனா புதுக் கோட்டுடன் பூசைக்கு வந்தபோது வயிறு எரிந்தது. நல்ல சீஸை எடுத்து விற்றுவிட்டு மட்டமானதை வைத்திருப்பாரோ?

திருநாளன்று குழி திறந்ததும் வாடை தெருவெல்லாம் ஏறியது. எர்சீலியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"என் பைய எல்லார் முன்னாலயும் பிரிங்க. சீஸை மாத்தியிருக்காரான்னு பாத்துருவோம்."

பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் அவள் அழுத்தியிருந்த அத்தியிலை முத்திரை அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் கைக்குச் சொதசொதவென்று பட்டது. மோந்து பார்த்தாள். செத்த எலி நாற்றம். அதை அப்படியே ஒரெஸ்தேயிடம் நீட்டினாள்.

அவர் ஆழ்ந்து மூச்சிழுத்தார். "அருமை! பேர் சொல்லும்!"

நக்கலா? அவளுக்குக் கோபம் பொங்கியது. அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் ஜெல்சொமீனா வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டுவதைக் கண்டாள். வசந்தத்தில் ஒரெஸ்தே காய்ச்சலில் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

"என்ன எர்சீலியா, திருடன் மாட்டுனானா?" கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். எல்லாம் சரியா இருக்கு." அழுகியதைக் கூடைக்கு அடியில் தள்ளினாள்.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டாள். "அழுகுனதுகூடத் தெரியலயே, காய்ச்சலுக்கு அப்புறமாண்ணே?"

"ஒரு வாசமும் தெரியல. ஜெல்சொமீனாவ மோந்து பாக்கச் சொல்லத்தான் திறந்தேன். அப்படித் திறந்ததுலதான் உன் பையில தண்ணி எறங்கிருச்சு போல. மூக்கில்லாத குழிக்காரன்கிட்ட எவன் சீஸ் குடுப்பான்?" அவளை உற்றுப் பார்த்தார். "வாய மூடிக்க என்ன கேக்கப்போற?"

"ஒண்ணும் வேணாம்."

அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து மதியமானால் அவள் கடைக்கு வந்துவிடுவார். ஒரு கோப்பை ஒயினை வைத்துக்கொண்டு, அவள் யாரிடம் பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். எர்சீலியா அவருக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப் வைத்துவிட்டு, அவர் காதில் விழும்படியே உரக்கப் பேசினாள்.