அம்சத்தின் சேற்று நண்டு

சின்னம்மா மலர்க்கொடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த அம்மாவின் போன் தவளைக் குரலில் கத்தியது. “போயிட்டியேக்கா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே” என்று சின்னம்மா இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மலர்க்கொடியும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் கை தானாக இடுப்புக்குப் போனது. சின்னம்மாவின் தோளுக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

‘அம்சம், உங்கள் முறை. இன்னும் ஐம்பது நிமிடம்.’

“ஐயையோ, மறந்தே போச்சே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

சின்னம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். “என்னத்தடி மறந்த? வாய்க்கரிசி, கோடித்துணி எல்லாம் எடுத்து வச்சாச்சே?”

மறந்தது ஆட்டத்தை. அதை எப்படிச் சின்னம்மாவிடம் சொல்வது? கூடத்தில் ஐஸ்பெட்டிக்குள் அம்சம் படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு உயிர் போனது. இன்றைக்கு இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். மகன் நெடுமாறன் ஓசூரிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்தான். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அம்சம் பாதியில் விட்டுப் போன ஒன்றே ஒன்று மட்டும் மகளின் இடுப்பில் கத்திக்கொண்டிருந்தது.

அம்சத்துக்கு வயது அறுபத்துமூன்று. இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். நாற்பது வருடம் ஊரார் வயலில் நடவு நட்ட உடம்புக்குச் சும்மா கிடப்பது மட்டும் ஆகாது. முதல் மாதம் அவள் டியூபைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தாள், இரண்டு தடவை. ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கும் மலர்க்கொடி, வேறு வழி தெரியாமல் போனில் ‘உயிர்ப்படை’ என்ற விளையாட்டை ஏற்றிக் கையில் கொடுத்தாள். பத்தே நாளில் அந்த வார்டே அதில் விழுந்துவிட்டது. பதினோரு கட்டில், பதினோரு ஆட்டக்காரர்கள். நர்சுகள் வந்து அதட்டினாலும் அடங்க மாட்டார்கள்.

விளையாட்டு சுலபம்தான். ஆளுக்கு மூன்று உயிர்களைச் சேர்த்து ஒரு படை கட்ட வேண்டும். தீ, மின்னல், பாறை, காற்று என்று உயிர்களில் பல இனம். எல்லோரும் மின்னலுக்கும் தீக்கும்தான் அடித்துக்கொள்வார்கள். யாரும் தொடாத இனம் சேறு. அதில் வருவதெல்லாம் மெதுவாக நகரும், பார்க்கவும் லட்சணமாக இருக்காது, பதுங்கிப் பதுங்கியே அடிபட்டுச் சாகும். இந்த விளையாட்டைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வதே, எதை வேண்டுமானாலும் எடுங்கள், சேற்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்பதுதான்.

அம்சம் மூன்றும் சேறாகவே எடுத்தாள். நத்தை, தவளை, நண்டு.

“யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்கன்னு பாவம் பாத்தாம்மா எடுத்த?” என்று மலர்க்கொடி ஒருநாள் கேட்டாள்.

“பாவமாவது புண்ணாக்காவது” என்றாள் அம்சம். “எல்லாரும் எடுக்கறத எப்படி அடிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்டி. எவனும் எடுக்காதத எப்படி அடிப்பான்? நான் ஜெயிக்கறதுக்குத்தான் எடுத்திருக்கேன்.”

ஜெயிக்கவும் செய்தாள். எட்டுப் பேரை மண்ணைக் கவ்வ வைத்தாள். பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஜெக்கரியா மட்டும் ஒருநாள், அவளுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று பார்த்து, வேண்டுமென்றே தோற்றார். கண்டுபிடித்துவிட்டாள். “என்னைய என்ன பிச்சைக்காரின்னு நெனச்சியா?” என்று வார்டே அதிரக் கேட்டாள். இரண்டு வாரம் அந்த மனிதரோடு பேச்சே இல்லை.

அவளால் ஜெயிக்க முடியாத ஒரே ஆள் பக்கத்துக் கட்டில் ஜாஃபர் சாதிக். கூத்தாநல்லூர்க்காரர், அம்சத்தைவிட ஐந்து வயது இளையவர். அவரிடம் பதினோரு ஆட்டம், பதினோரு தோல்வி. “என்னக்கா, இன்னைக்கும் சேறுதானா?” என்று அவர் சீண்டுவார். “வாடா தம்பி, நீ வா” என்பாள் இவள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவனை ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மகளிடம் புலம்புவாள்.

பன்னிரண்டாவது ஆட்டம்தான் இப்போது நடந்துகொண்டிருந்தது. அம்சத்திடம் மிச்சம் நண்டு மட்டும், அதற்கும் உயிர்க்கோடு நூலாகத்தான் இருந்தது. ஜாஃபரிடம் மின்னல்பருந்து, முக்கால்வாசி உயிரோடு. நேற்று வார்டில் அம்சம் ‘பதுங்கு’ போட்டாள். முந்தின இரண்டு முறையும் அதையேதான் போட்டிருந்தாள். ஜாஃபர் ஒன்று பத்துக்குக் காரில் ஏறிக்கொண்டே ஒரு மின்னல் அடித்துவிட்டுப் போனார். இனி இவள் முறை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போடாவிட்டால் தோற்றதாகக் கணக்கு. “டீ குடிச்சிட்டுப் போடுறேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்தவள் டீ ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.

“செத்த வீட்டுல கையில என்ன போனு?” என்று நெடுமாறன் அருகில் வந்தான். “மாமன் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க, போயி என்னன்னு கேளு.”

“அண்ணே, அம்மாவோட ஆட்டம் இருக்கு. ஒன்னு பத்தோட முடிஞ்சிடும்.”

“ஆட்டமா?” அவன் குரல் ஏறியது. “ஊரே வாயால சிரிக்காது. அங்கிட்டு வையி அத.”

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது. ஜாஃபர் சாதிக் கையில் ரோஜா மாலையோடு இறங்கினார். நேற்று டயாலிசிஸ் செய்த கையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. மாலையை ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் குனிந்தே நின்றார். அப்புறம் வெளியே வந்து பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மலர்க்கொடி அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர்தான் மெல்ல ஆரம்பித்தார். “நர்சம்மா காலைலதான் போன் பண்ணிச்சு. நான் ஒண்ணு யோசிச்சேம்மா. ‘விலகுகிறேன்’னு ஒரு பட்டன் இருக்கு. அத அமுத்திட்டா அக்கா ஜெயிச்சதா ஆயிடும். பன்னெண்டுல ஒண்ணாவது அக்காவுக்கு இருக்கட்டும்.”

மலர்க்கொடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றிலிருந்து அழுகையைத் தவிர வேறு எதுவும் வராமல் கிடந்தவளுக்கு அந்தக் கோபம் நன்றாகவே இருந்தது.

“அமுத்திப் பாருங்க. அம்மா எந்திரிச்சு வந்து உங்கள அடிக்கும்.”

“அதுக்கில்லம்மா...”

“ஜெக்கரியா மாமாவ என்ன கேட்டுச்சுன்னு நீங்களும் அங்கதான இருந்தீங்க? பிச்சை வேணாம் மாமா. எப்பவும் எப்படி ஆடுவீங்களோ அப்படி ஆடுங்க.”

“எப்பவும் ஆடுற மாதிரின்னா ஒரே பாய்ச்சல். நண்டு காலி” என்றார் ஜாஃபர். “பன்னெண்டாவது தடவையும் தோக்கடிச்சா அக்காவ அனுப்பச் சொல்ற?”

“தோத்தா தோத்துட்டுப் போவட்டும். அம்மா மேல சத்தியமா ஆடுவீங்களா, மாட்டீங்களா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். “அக்கா பொண்ணுதான் நீ, சந்தேகமே இல்ல. போடு உன் முறைய.”

பதினெட்டு நிமிடம் இருந்தது. திரையில் இரண்டே பட்டன். ‘கவ்வு’, ‘பதுங்கு’. கவ்வினால் பருந்துக்கு ஓரளவு அடி விழும். பதுங்கினால் ஒன்றும் நடக்காது, நண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். அடுத்த பாய்ச்சலில் செத்துவிடும்.

“என்னடி அது, நண்டா?” என்று சின்னம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். விஷயத்தை இரண்டு வரியில் சொன்னாள் மலர்க்கொடி. பாயிடம் பதினோரு தடவை தோற்றது, இது கடைசி ஆட்டம் என்று கேட்டதும் சின்னம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “விடாதடி. கவ்வு, கவ்விப் புடி!”

அதட்ட வந்த நெடுமாறனும் போனைப் பார்த்தான். ஜாஃபரைப் பார்த்தான். “இந்த நெலமையில பதுங்குனா முட்டாள்தனம்” என்று கீழ்க்குரலில் சொன்னான். “கவ்வுதான் மலரு.”

எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அதுவே மலர்க்கொடியை உறுத்தியது. எல்லோருக்கும் தெரிந்ததை அம்மா என்றைக்குச் செய்தாள்? மூன்று முறை, அடி வாங்கி வாங்கி, அதே பட்டனை அமுக்கியிருக்கிறாள். வேடிக்கைக்கு அமுக்குகிறவள் இல்லை. என்ன நினைத்து அமுக்கினாள் என்று தெரியாது. கேட்கவும் இனி முடியாது. ஆனால் நாற்றை எடுத்தால் வரப்பு வரைக்கும் நட்டுவிட்டுத்தான் நிமிர்கிற ஆள் அவள்.

மலர்க்கொடி ‘பதுங்கு’ அமுக்கினாள்.

“கெடுத்தியே காரியத்த!” என்று நெடுமாறன் தலையில் அடித்துக்கொண்டான்.

திரையில் நண்டு கண்ணுக்கே தெரியாமல் உள்ளே போய்விட்டது. அது இருந்த இடத்தில் சேறு மட்டும் கொழகொழவென்று மேலே ஏறியது. ஜாஃபர் உதட்டைப் பிதுக்கினார். “மன்னிச்சுக்க அக்கா” என்று முணுமுணுத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் ‘பாய்ச்சல்’ அமுக்கினார்.

பருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு மேலேயிருந்து விழுந்தது. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விழுந்த பருந்து கிளம்பவில்லை. இறக்கையைப் படபடவென்று அடித்தது. முழங்கால் வரை சேற்றுக்குள் போயிருந்தது. ‘கால் சிக்கியது. எழ முடியாது’ என்று எழுத்து வந்தது.

“ஏய்! என்னா இது?” ஜாஃபர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “எந்திரி, எந்திரிடா! எல்லா பட்டனும் மங்கிக் கெடக்கு! இப்படி ஒண்ணு இருக்குன்னு எவனும் சொல்லவேயில்லையே!”

எவன் சொல்லுவான்? நான்கு முறை பதுங்கும்வரை நண்டை உயிரோடு வைத்திருந்தவன் இருந்தால்தானே! மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “அம்மா, அடி கள்ளி” என்று சிரித்தாள். நேற்றைக்கு அப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான்.

“இப்பக் கவ்வு!” என்று நெடுமாறன் கத்தினான்.

கவ்வினாள். பருந்தின் உயிர்க்கோடு பாதியாக இறங்கியது. ஜாஃபரின் முறை வந்தது, எதையும் அமுக்க முடியாமல் போனது. “இன்னொண்ணு போடுடி!” என்று சின்னம்மா அவள் முதுகில் குத்தினாள். கவ்வினாள். கோடு சிவப்பானது. ஜாஃபர் போனை உதறினார், திரையைத் தேய்த்தார், யா அல்லாஹ் என்றார். வெடி போட வந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை கவ்வினாள். பருந்து தலையைத் தொங்கப்போட்டது.

‘அம்சம் வென்றார்.’

பந்தலில் எழுந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. “நாலு தடவ பதுங்கி, என் புத்தி தெரிஞ்சே என்னைய எறங்க வச்சிருக்கு” என்று ஜாஃபர் தொடையில் அடித்துக்கொண்டார். அவர் முகம் நிஜமாகவே கோபத்தில் சிவந்திருந்தது. தோற்றவனின் கோபம். அதைப் பார்க்கப் பார்க்க மலர்க்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவு வீட்டில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

“அம்மா! ஜெயிச்சாச்சும்மா!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஐஸ்பெட்டியின் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஈரம் படிந்திருந்தது. உள்ளே முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் மாலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். போனைத் திருப்பி, திரை உள்ளே பார்க்கும்படி கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள். பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த ஜாஃபர் சாதிக் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் நின்றார். ஒரு நிமிடம் பார்த்தார்.

“வாசல் வெளிச்சம் அடிக்குதும்மா” என்றார். “கொஞ்சம் சாச்சுப் புடி.”