கோழி டாக்டரின் பொட்டலம்

கட்டிலைத் தூக்கி வெளியே போட ஆள் வருவதற்குள் மெத்தைக்கு அடியிலும் மருந்து அலமாரியிலும் சின்னவன் துழாவிக்கொண்டிருந்தான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா. நாலு மணிக்கு வண்டி. வந்தவர்களுக்கு நாற்காலி போடாமல் இவன் என்னத்தைத் தேடுகிறான் என்று அக்கா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாத்திரை அட்டைகளுக்குப் பின்னால் கடைசிப் பொட்டலம் அகப்பட்டது. சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

அவனுக்குக் கோழித் தீவன ஆலையில் வேலை. மக்காச்சோளத்தோடும் புண்ணாக்கோடும் எந்தச் சத்து எத்தனை கிராம் சேர வேண்டும் என்று நிறுத்துப் போடுபவன். அதனால் அப்பா வைத்த பெயர் கோழி டாக்டர். அர்ஜினைன் என்று ஒரு வெள்ளைப் பொடி. கோழி உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, தீனியில்தான் போயாக வேண்டும். குறைந்தால் குஞ்சுகள் சீக்கிரம் நோயில் விழும். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்கள் பெருகுவதற்கு அது வேண்டும். மனித உடம்பு ஓரளவு செய்துகொள்ளும், ஆனால் பெரிய புண், பெரிய நோய் என்றால் செய்வது செலவுக்குக் காணாது.

சர்க்கரை நோய்க்காரரான அப்பாவின் கால் புண் ஆறாமல் அடம்பிடித்தபோது இதுதான் அவன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பொடியை ஆலைத் தராசிலேயே நிறுத்து, காகிதத்தில் மடித்து, நாளுக்கு ஒன்று என்று கொண்டுவந்தான். நிஜ டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தான் என்ன? கேட்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், குடித்தாயிற்றா என்று அப்பாவிடம் வந்து நிற்பான்.

"ஆச்சுடா டாக்டரு. இனி கொக்கரக்கோன்னு கூவறதுதான் பாக்கி" என்பார்.

கிருமி ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தது முந்தாநாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வீட்டில் வேறு மருந்து, பொடி ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு வராந்தாவில் நின்று செல்போனில் தேடினான். அதே பொடியிலிருந்து உடம்பு ஒரு வாயுவைச் செய்கிறது, அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், கிருமி ரத்தத்தில் பரவியவர்களுக்கு அழுத்தம் இன்னும் விழக்கூடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சிலர். அவன் கண்ணில் முதல் கட்சி மட்டும்தான் நின்றது. விடிந்தபோது அப்பா போய்விட்டார்.

அப்போதிருந்து அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. வாசலுக்குப் போனான், மொட்டை மாடிக்குப் போனான், செருப்புகளை வரிசையாக அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்தான். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டே விட்டார். கடைசியில் சமையலறைக்குள் நுழைந்தான். அம்மா தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவ நான்தாம்மா கொன்னுட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவன் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். போனில் படித்தது, டாக்டரம்மாவிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். அம்மா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர் அத குடிக்கவே இல்லடா. மொத நாள் ஒரு வாய் வச்சார், ஒமட்டித் துப்பிட்டார். புள்ள எனக்குக் கோழித் தீனி போடறான் பாருன்னு ஒரே சிரிப்பு. ஆனா சின்னவன்கிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடுவான்னார்."

"அப்ப இத்தன நாளா?"

"தெனம் காலைல வந்து ஆசையா கேக்கற. கீழ கொட்ட மனசு வரல. நான் குடிச்சேன்."

அப்பாடா என்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடத்தில் அப்பா கிடக்கிறார், இவனுக்கு இங்கே நிம்மதி. அதையும் மீறி ஒன்று வலித்தது. இருபது நாளாக அப்பாவுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று நம்பியிருந்தான். இப்போது அதுவும் இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. அக்கா அவனைக் கூப்பிட்டாள். அவன் தம்ளரில் தண்ணீர் பிடித்து, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினான். இத்தனை வருஷம் மூட்டை மூட்டையாக நிறுத்தவன் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரே மடக்காகக் குடித்தான். கசப்பும் கவிச்சி வாடையும் தொண்டையைப் பிடித்தன. அடியில் கரையாமல் நின்றதையும் ஆட்டிக் குடித்தான்.

அம்மா எழுந்தாள். அப்பாவின் கண்ணில் படாமல் மேல்தட்டு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.