விளக்குக்காரரின் பதிவேட்டில் பதினான்கு நிமிடம்

கலங்கரை விளக்கத்தின் பழைய பதிவேடுகள் மூட்டையாக நூலகத்துக்கு வந்து சேர்ந்த மதியம், அத்தை எனக்கு முன்பே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தீவின் கடலோடிக் குடும்பங்களைப் பற்றி நூலகம் ஒரு புத்தகம் போடுகிறது. எழுதும் வேலை, நூலகக்காரி என்பதால், என் தலையில். முன்னூறு பக்கத்தில் அத்தைக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அவள் கணவர், என் மாமா, ஓட்டிய சரக்குப் படகு நாற்பது வருடத்துக்கு முன் அவரையும் சேர்த்து ஏழு பேரோடு மூழ்கியது. ரேடியோ நன்றாக இருந்தும் கேப்டன் உதவிக்குக் கூப்பிடவில்லை என்று விசாரணைக்கு வந்தவர்கள் கரையில் மட்டும் கேட்டு எழுதிவிட்டுப் போனார்கள். தூங்கிவிட்டான் என்றது பாதி ஊர். குடித்திருந்தான் என்றது மீதி ஊர்.

"கூடப் போன ஆறு பேரு வீட்டு வாசலத் தாண்டும்போது இன்னும் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான்டி போறேன். உங்க மாமா கூப்பிடாம இருந்திருக்க மாட்டாரு. வெளக்குக்காரருகிட்டயும் ரேடியோ இருந்துச்சு, அவரு காதுல விழுந்திருக்கும், பாரு" என்றாள். கண்புரையால் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது. நான்தான் படிக்க வேண்டும்.

தூசி தட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து போன். "அத்தைக்கும் சேத்து ஒல வச்சிட்டேன். வச்சிடறேன்." அவ்வளவுதான். அம்மா போனில் அரை நிமிடத்தைத் தாண்டியதே இல்லை. எனக்குக் குழந்தை பிறந்தபோதுகூட, "ரெண்டு பேரும் நல்லாருக்கீங்களா? சரி" என்று வைத்துவிட்டாள். போனுக்குள் தேள் இருக்கிறது என்று நினைக்கிறாள் போல என்று வீட்டில் எல்லோரும் ஓட்டுவோம்.

"ரேடியோ ரூம்ல இருந்தப்ப எப்படிப் பேசுவா தெரியுமா!" என்று அத்தை சிரித்தாள். "உன்ன வயித்துல வச்சிக்கிட்டு வேலைய விட்டா. பேச்சையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டா."

தீவின் ரேடியோ அறை அந்தக் காலத்தில் அம்மாவின் பொறுப்பில் இருந்தது; அப்பா வேறொரு கப்பலில் வேலை பார்த்தார். ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் கரைக்கு எட்டாது. அதனால் வீட்டுப் பேச்சு கூடாது என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்? மாதக்கணக்கில் கடலில் கிடக்கிற கணவனோடு பேச எல்லா வீட்டுப் பெண்களும் அந்த அறைக்கு வந்தார்கள், அத்தை உட்பட. இதை நானே இரண்டாம் அத்தியாயத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறேன்.

அந்தத் தேதி கிடைத்துவிட்டது. சுத்தமான கையெழுத்து. "மணி ரெண்டு, காத்து தெக்கால, அலை அதிகம்" என்று அத்தைக்குப் புரிகிற மாதிரி படித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில் வாய் நின்றுவிட்டது.

'3.10 முதல் 3.24 வரை அலைவரிசையைக் கரை பிடித்திருந்தது. ரேடியோ அறைப் பெண்ணும் கடலிலிருக்கும் அவள் கணவரும் சொந்தப் பேச்சு. அடியில் மெல்லிய குரல், திரும்பத் திரும்ப. மூழ்குகிறோம் என்றது மட்டும் புரிந்தது. மூன்று முறை குறுக்கிட்டேன். கரை கேட்கவில்லை. 3.24க்குப் பின் அந்தக் குரல் இல்லை.'

அதன்கீழ், வேறு மையில்: 'பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.' பக்கத்தில் அந்தப் பெயர். என் பெயர்.

திரும்பப் படித்தேன். எழுத்து மாறவில்லை. மாமா கூப்பிட்டிருக்கிறார். பதினான்கு நிமிடம் கூப்பிட்டிருக்கிறார். அவர் குரலின் மேல் ஏறி அம்மாவும் அப்பாவும் எனக்குப் பெயர் தேடியிருக்கிறார்கள். அந்தப் பெயரைத்தான் அத்தை முப்பத்தொன்பது வருடமாக வாய் நிறையக் கூப்பிடுகிறாள்.

"ஏன்டி நிறுத்திட்ட? எழுதியிருக்கா இல்லையா?"

எழுதியிருக்கிறது என்றால் அம்மா போனாள். இல்லை என்றால் மாமா இன்னொரு முறை மூழ்குவார், இம்முறை என் கையால்.

மறுபடி போன் அடித்தது. "எடு, உங்கம்மாதான்" என்றாள் அத்தை.

"சாப்பாடு ஆறுது. சீக்கிரம் வாங்க. வச்சிடறேன்."

"அம்மா, வைக்காத."

"என்னடி?"

"வெளக்குக்காரரோட பதிவேடு வந்திருக்கு. அத்தை பக்கத்துலதான் இருக்காங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும்.

வழக்கம்போல் வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், திறந்திருந்த பக்கத்தின் அருகில் வைத்தேன். அத்தை பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தெரியாத வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். போன் திரையில் நொடிகள் ஓடின. ஒரு நிமிடம் தாண்டியது. இரண்டு. மூன்று.