முன்பல்லும் மூன்று சாக்ஸபோன்களும்

என் தம்பி பல் மருத்துவன். என் கணவருக்கு முன்பற்கள் இரண்டையும் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் வசவுதான்.

பல் உடைந்த கதை சின்னது. நாங்கள் இருவரும் ஒரே இசைக்குழுவில் இருக்கிறோம். அவர் டெனர் சாக்ஸபோன், நான் டிரம்ஸ். ஒரு நிகழ்ச்சி முடிந்து, என் பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியவர், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார். படி முடியவில்லை. டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

புதுப்பல் வந்ததும் ஆசையாக சாக்ஸபோனை எடுத்து நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார். வாயில் வைக்கும் மவுத்பீஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். முகம் தொங்கிப்போனது.

"இது என் சத்தம் இல்ல."

"அதே சத்தம்தாங்க."

"உனக்குத் தெரியாது. போயிடுச்சு."

ஒத்திகையில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். என் தம்பி பல்லைக் கழற்றி, தேய்த்து, திரும்ப மாட்டினான். "மாமா, கடி சரியா இருக்கு. காத்தும் எங்கேயும் போகல" என்றான்.

"நீ எனக்குப் பல்லு கட்டல மச்சான், வாய்க்குப் பூட்டு போட்டுட்ட" என்றார் இவர். தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை பூங்காவில் எங்கள் நிகழ்ச்சி. அதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் எழுந்து பார்க்கிறேன், சாக்ஸபோன் பெட்டி அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளோடு கிடக்கிறது.

"வேற ஆளைப் பாக்கச் சொல்லிடு. சனிக்கிழமைக்கு மட்டும் இல்ல, இனிமே நான் வாசிக்கப் போறதே இல்ல."

 எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். இந்த மனிதரை நான் கல்யாணம் செய்துகொண்டதே அந்தச் சத்தத்துக்காகத்தான். ஆள் பேரழகன் என்று நானே சொல்ல மாட்டேன். சமையலும் வராது. சாமான் துலக்கச் சொன்னால் பாதியில் விட்டுவிட்டு ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். சாக்ஸபோன் இல்லாமல் இவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"கோளாறு உங்க பல்லுல இல்லாம சாக்ஸபோன்ல இருந்தா? விழுந்த அன்னைக்கு அதுவும்தானே உங்க முதுகுல இருந்துச்சு? தக்கை அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு, அப்புறம் எங்க வேணும்னாலும் தூக்கி வைங்க."

தக்கை அண்ணன் ஊதுகருவிகளைப் பழுதுபார்ப்பவர். மூட்டுகளில் ஒட்டுகிற தக்கைத் துண்டைக் காதில் செருகிக்கொண்டு கடை முழுக்க அதையே தேடுவார், அதனால் அந்தப் பெயர். அண்ணன் இவருடைய சாக்ஸபோனை வாங்கி, குழாய்க்குள் நீளமான விளக்கை விட்டு ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்த்தார். எங்கும் வெளிச்சம் கசியவில்லை.

"ஒரு சின்ன நசுங்கல் இருக்கு தம்பி. வேற ஒண்ணுமே இல்ல. சும்மா வேற எதையாவது வாசிச்சுப் பாரேன்."

அவ்வளவுதான். மிட்டாய்க் கடைக்குள் விட்ட குழந்தை மாதிரி இவர் கண் விரிந்தது. தன் மவுத்பீஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கியவற்றில் மூன்றை இறக்கினார்.

முதலாவது நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு செய்தது. பூச்சு போய் பித்தளை கறுத்திருந்தது. சத்தம் அகலமாகக் கிளம்பி, கடையின் மூலைவரை போய் நிதானமாக உட்கார்ந்தது. ஆனால் அடிச் சுரங்களுக்குச் சுண்டுவிரல் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, சில சுரங்களை உதட்டால் கெஞ்சிக் கூத்தாடி இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டாவது வெள்ளி முலாம் பூசியது, எங்கள் வயது இருக்கும். கீழே கரகரப்பு, மேலே போகப் போக இனிப்பு. மூன்றாவது புத்தம் புதுசு, கறுப்பு நிறம். விரல் போகும் இடத்தில் அழுத்துகிற சாவி காத்திருந்தது. எல்லாச் சுரமும் ஒரே எடை, ஒன்றுகூடப் பிசகவில்லை.

"புதுசு சுத்தமாப் பேசுது. ஆனா யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றார் இவர். "பழசுல என் சத்தம் கொஞ்சம் கிட்ட வருது. வந்துட்டு நழுவிப் போயிடுது."

மறுபடியும் பழசு, மறுபடியும் வெள்ளி, மறுபடியும் பழசு. எனக்குப் பொறுமை போனது.

"எல்லாத்துலயும் உங்க சத்தம்தாங்க கேக்குது!"

"பழசு எது புதுசு எதுன்னே உனக்குத் தெரியாது. நீ சொல்லிட்டா ஆச்சா?"

வந்ததே ரோஷம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். "ஊதுங்க. சொல்றேன்."

எனக்குப் பின்னால் சாக்ஸபோன் மாறுவது கேட்டது. ஒரே ஒரு நீள சுரம் வந்தது. "பழசு" என்றேன். தக்கை அண்ணன் பொங்கிவந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். அது புதுசாம். அடுத்ததைப் புதுசு என்றேன், அது வெள்ளி முலாம். மூன்றாவது சுரம் வந்தபோது எரிச்சலோடு சொன்னேன்: "இது எதுன்னு தெரியல. ஆனா ஊதினது நீங்க இல்ல, அண்ணன்."

அது அண்ணனேதான்.

பிறகு இருவரும் மாற்றி மாற்றி ஊதினார்கள். ஆளை ஏமாற்றக் கருவியை மாற்றினார்கள், மவுத்பீஸை மாற்றினார்கள். கருவியை நான் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆளை ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"அப்படியே இருக்கு தம்பி உன் சத்தம். தங்கச்சி கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிக்குது" என்றார் தக்கை அண்ணன்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" இவர் குரல் உடைந்தது. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

தக்கை அண்ணன் பேச்சை மாற்றுவதற்காக, பழைய சாக்ஸபோனின் சுருதி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க இசைக்கவையைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் காட்டுவாரே, அந்த இரண்டு காலுள்ள இரும்பு. ஆத்திரத்தில் நான் அதை வெடுக்கென்று பிடுங்கினேன். "பல்லு பல்லு பல்லு! என் தம்பி கட்டின பல்லுதானே உங்களுக்குப் பிரச்சினை?" என்று மேஜையில் ஒரு போடு போட்டு, அதன் காம்பை இவருடைய புதுப்பல்லில் வைத்து அழுத்தினேன்.

திகைத்து நின்றார். "ஒண்ணும் பெருசாத் தெரியலயே."

ஆத்திரம் தணியாமல் இன்னொரு போடு போட்டு, பக்கத்தில் இருந்த சொந்தப் பல்லில் வைத்தேன். அவர் கண்கள் அகன்றன. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான்! மண்டை பூராவும் நிறையுது! இதைத்தான் இத்தனை நாளாக் காணோம்!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டெனர் வாசிப்பவர் மேல்பல்லை மவுத்பீஸ் மேல் ஊன்றித்தான் ஊதுகிறார். அதன் அதிர்வு பல் வழியே எலும்புக்கு ஏறி, மண்டைக்குள்ளேயே ஒரு கச்சேரி நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. என் தம்பி கட்டிய பல் அதை மேலே விடவில்லை. இவர் துக்கம் காத்த சத்தம் இவர் மண்டையைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதும் இல்லை.

"அப்போ நீங்க எல்லாம் கேட்டது?"

"அதை நீங்கதான் கேட்டதில்ல. வாங்க" என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்கு நேராக நிறுத்தினேன். அவருடைய சாக்ஸபோனையே, அந்த நசுங்கலோடு, கையில் கொடுத்தேன். "இப்போ ஊதுங்க."

சத்தம் சுவரில் மோதி அவர் முகத்துக்கே திரும்பியது. நாலு சுரம் வாசித்துவிட்டு நிறுத்தினார். காதுவரை சிவந்துவிட்டது.

"யாருடி இது? நல்லா வாசிக்கிறானே!"

தக்கை அண்ணன் சிரித்த சிரிப்பில் காதிலிருந்த தக்கை கீழே விழுந்தது. நான் அழுதுவிட்டேன், சிரித்துக்கொண்டேதான். அன்று அந்தச் சுவரை விட்டு அவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை பூங்கா நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் தம்பி. இவர் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய், சமாதானமாகி, காபியும் குடித்துவிட்டு, கையோடு அழைத்து வந்திருந்தார். மூன்றாவது பாட்டில் இவர் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. வழக்கமாகக் கூட்டத்தைப் பார்த்து நிற்பவர், அன்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். சாக்ஸபோனின் வாய் நேராக என்னைப் பார்த்தது.

டிரம்ஸ் எப்போதும் பின்னால்தான். இத்தனை வருஷமும் மேடையில் அவருடைய முதுகுக்குப் பின்னாலும் வீட்டில் வேலைக்கு நடுவிலும்தான் நான் கேட்டிருக்கிறேன். கடையில் பரீட்சை வைத்தபோதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். முகத்துக்கு நேராக, முழுசாக, அது எனக்கே வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் சத்தம் எனக்குத் தெரியும் என்று எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! கை நின்றுவிட்டது. குச்சி ஒன்று உருண்டு மேடை ஓரத்துக்குப் போனது. வாழ்க்கையில் தாளம் தப்பாத எனக்கு அன்று தாளம் தப்பியது. குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் மட்டும் விடாமல் வாசித்து முடித்தார். கைதட்டலுக்கு நடுவே குனிந்து, குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என்ன, டிரம்ஸ் சத்தம் போயிடுச்சா? வா, பழசு புதுசு எல்லாத்தையும் அடிச்சுப் பாத்துடலாம்" என்றார், புதுப்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு.